மாமனாரின் மெட்டடார்

ஸ்கிராப்புக்குப் போட வேண்டிய வண்டியை, ஸ்கிராப் கடை வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போகணுங்கறதுக்காக ரிப்பேர் பண்ண ஆரம்பிச்ச ஆள் உலகத்திலேயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். சிரிக்காதீங்க, முழுசா சொல்றேன்.

புனேயில் எங்க குடியிருப்போட பார்க்கிங்ல மாமனாரோட மெட்டடார் வேன் நாலு வருஷமா அசையாம நின்னுக்கிட்டிருந்தது. 1996 மாடல். 2021-ல் அத்தை தவறினதுக்கப்புறம் மாமா சாவியைத் தொடவே இல்லை. டயர் வெடிச்சு, கண்ணாடி மேல புறா எச்சம், அடியில் ஒரு பூனைக் குடும்பம். 2025 ஜூன்ல சொசைட்டிகாரங்க நோட்டீஸ் கொடுத்துட்டாங்க, முப்பது நாளில் எடுக்கணும்னு.

பெங்களூர்ல இருக்கிற மச்சான், "வித்துடுங்க அத்தான், இதுல யோசிக்க என்ன இருக்கு?"ன்னார். தங்கமணி ஒண்ணும் சொல்லலை. தங்கமணி ஒண்ணும் சொல்லலைன்னா என்ன அர்த்தம்னு கல்யாணமான மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நான் பி.காம் படிச்ச பேங்க்காரன். தேய்மானம் முழுக்கக் கழிஞ்ச பழைய மேஜை நாற்காலியை எங்க புத்தகத்தில் ஒரு ரூபாய்னு காட்டுவோம். இருக்குன்னு தெரியறதுக்கு ஒரு ரூபாய், அவ்வளவுதான். இந்த வண்டியும் அதே கணக்குன்னுதான் நினைச்சேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். மே மாசம் ஊருக்கு ரயில் டிக்கெட் கிடைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு வடக்கே இருக்கற தமிழ்க் குடும்பங்களுக்குத் தெரியும். ரெண்டு வருஷம் வெயிட்டிங் லிஸ்ட்லயே நொந்துபோன மாமா, 1997-ல் வேனோட பின் சீட்டைக் கழட்டிட்டு, ஆசாரியை வச்சு ரெண்டு பக்கமும் பிளைவுட் கட்டில் போட்டார். கட்டிலுக்குக் கீழே சாமான் பெட்டி, ஓரமா அஞ்சு கிலோ சிலிண்டருக்கு இடம், குழாய் வச்ச தண்ணி கேன், ஜன்னலுக்கு அத்தை தைச்ச திரை. மோட்டார் ஹோம்னெல்லாம் அவங்களுக்குப் பேர் தெரியாது. "வண்டி வீடு"ன்னுதான் சொல்லுவாங்க. சாத்தாரா, கோலாப்பூர், ஹூப்ளி, சித்ரதுர்கா, தும்கூர், ஓசூர், சேலம், திருச்சி வழியா பட்டுக்கோட்டைக்கு ரெண்டரை நாள். ராத்திரி பெட்ரோல் பங்க் ஓரமா நிறுத்திட்டுத் தூக்கம். அலமாரிப் பலகையில் வட்டமா ஒரு ஓட்டை இருக்கும். காபி ஃபில்டர் ஓட்டத்தில் சாயாம உட்கார்றதுக்கு, அத்தை சொல்லி வெட்டினது. கல்யாணமான புதுசுல, 2006-ல், நானும் அதுல போயிருக்கேன். மாப்பிள்ளைன்னு எனக்கு ஜன்னலோரக் கட்டில் :-)

சரி, நடப்புக்கு வருவோம். பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கேட்டேன். வண்டியை ஒப்படைச்சா 'சர்டிபிகேட் ஆஃப் டெபாசிட்'னு ஒண்ணு கொடுப்பாங்களாம். இருபது வருஷமா டெபாசிட் பிடிச்சவனுக்கு இப்படி ஒரு டெபாசிட்! ஆனா ஓடாத வண்டின்னா கிரேன் செலவு நம்ம தலையில். கிரேன்காரர் சொன்ன தொகையைக் கேட்டதும் எனக்குள்ள இருக்கற ஆடிட்டர் முழிச்சுக்கிட்டார். ஒரு மெக்கானிக்கை வச்சு எப்படியாவது உருட்டிக்கிட்டுப் போயிடலாம்னு முடிவு பண்ணினேன்.

பிம்ப்ரி பக்கம் ஒரு பெரியவர், எல்லாரும் சாச்சான்னு கூப்பிடறவர், வந்து பார்த்தார். இந்த வண்டி பிறந்ததே பக்கத்துல ஆகுர்டியில்தான். ஜெர்மனியில் ஹாம்பர்க்ல இருந்த டெம்போ கம்பெனியோட பேர்தான் பஜாஜ் டெம்போ ஆச்சு. 2005-லேர்ந்து அது ஃபோர்ஸ் மோட்டார்ஸ். பிறந்த ஊராச்சே, ஸ்பேர் குவிஞ்சு கிடக்கும்னு நினைச்சேன். பாதிதான் சரி. இன்ஜின் மெர்சிடிஸ் வடிவமைப்பு, ஓஎம் 616, 2.4 லிட்டர் டீசல். அதே இன்ஜின் டிராக்ஸ்லயும் டிராவலர்லயும் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடினது. அதனால பிஸ்டன் ரிங், கேஸ்கெட், நாஸில் எல்லாம் கேட்டா எடுத்துக் கொடுக்கறாங்க. கிடைக்காதது எதுன்னா கதவு ரப்பர், கொக்கி, ஜன்னல் கண்ணாடி ஓடற பட்டை, விளக்கு மூடி. வண்டிக்கு இதயம் கிடைக்குது, சட்டைப் பித்தான் கிடைக்கலை.

நானாபேட்டில் கடை கடையா ஏறி "மெட்டடாருக்கு இது இருக்கா?"ன்னு கேட்டேன். எல்லாரும் பாவமா பார்த்துட்டு "பந்த் ஹோ கயா"ன்னாங்க. திரும்பி வந்து சாச்சாகிட்ட புலம்பினதுக்கு, "நாம் மத் பூச்சோ சாஹப், நம்பர் பூச்சோ"ன்னார். பேரைக் கேக்காதே, நம்பரைக் கேளு.

இதுதான் நான் கத்துக்கிட்ட பெரிய பாடம். பேரிங்கைத் துடைச்சுப் பார்த்தா விளிம்புல நம்பர் இருக்கும். 6205-னா உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, அகலம் 15. அது எந்த வண்டியில் இருந்தா என்ன, மாவு மில்லுல இருந்தா என்ன, அளவு ஒண்ணுதான். ஆயில் சீல்ல உள், வெளி, தடிமன்னு மூணு எண் அச்சடிச்சிருக்கும். வீல் சிலிண்டர் அரிச்சுப் போச்சா? லேத்ல கொடுத்து உள்ளே ஸ்லீவ் போட்டு, பழைய அளவுக்கே கொண்டு வந்தா, அந்த அளவு ரப்பர் கப் எந்த பிரேக் கடையிலும் உண்டு. எங்க வண்டி முன் சக்கர இழுவை. அந்த ஆக்ஸில்ல இருக்கற ரப்பர் பூட் கிழிஞ்சு கிரீஸ் வழிஞ்சிருந்தது. வெர்னியர் வச்சு ரெண்டு வாயையும் நீளத்தையும் அளந்து, வேறொரு வண்டியோடதை மாட்டினார் சாச்சா. கணக்கு நம்பர் சொன்னா நாங்க கஸ்டமர் பேரைக் கேக்கறதில்லையே, அதே கதைதான்.

அதிகமா படுத்தினது டீசல் டேங்க். நாலு வருஷம் நின்னதுல உள்ளே துரு. கழுவாம ஓட்டினா ஃபில்டர் அடைச்சு, மிஞ்சினது நாஸில்ல போய் உட்காரும். டேங்கை இறக்கி, கழுவி, லைனை ஊதி, ஃபில்டரை மாத்தி, கை பம்பை அடிச்சு அடிச்சுக் காத்தை வெளியேத்தினோம். (நானும் அடிச்சேன். மறுநாள் கேஷ் வவுச்சர்ல கையெழுத்துப் போட கை வரலை.)

ஞாயித்துக்கிழமை ஜூனா பஜார், ரெண்டு தடவை மும்பை குர்லா. எக்ஸெல் ஷீட்டில் செலவு எழுபதாயிரத்தைத் தாண்டினப்போ அந்த ஃபைலுக்கு பாஸ்வேர்டு போட்டுட்டேன்.

நாலாவது வாரம்னு நினைக்கிறேன், மாமா கீழே இறங்கி வந்தார். அதுவரைக்கும் பால்கனியிலேர்ந்து பார்க்கறதோட சரி. பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அரை மணி நேரம் பேசலை. சாச்சா பின் சக்கரத்து ஆயில் சீலைக் கழட்டறாரு, எண்ணெல்லாம் தேய்ஞ்சு போயிருக்கு. வெர்னியரைத் தேடறோம். மாமா எழுந்து வண்டிக்குள்ள போய், கட்டிலுக்குக் கீழேயிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். அதுல ஒரு கோடு போட்ட நோட்டு.

அத்தையோட கையெழுத்து. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பக்கம். டீசல் எத்தனை லிட்டர், எங்கே தூங்கினோம், சித்ரதுர்காவில் காபிப் பொடி தீர்ந்தது, ஹூப்ளியில் பையனுக்குக் காய்ச்சல். கடைசிப் பக்கங்கள்ல வரிசையா நம்பர். "பின் சக்கரம் ஆயில் சீல் 40-62-10". "ஃபேன் பெல்ட் அளவு". "டைனமோ பேரிங்". மாமா வண்டிக்குக் கீழே படுத்துக்கிட்டுச் சொல்லச் சொல்ல அத்தை பக்கத்துல உட்கார்ந்து எழுதினதாம். சாச்சாவுக்குத் தமிழ் தெரியாது, எண் தெரியும். ஒவ்வொண்ணா விரல் வச்சுப் படிச்சுட்டு, "இவங்களை நான் வேலைக்கு வச்சிருப்பேனே"ன்னார். மாமாவுக்கு நான்தான் மொழிபெயர்த்தேன். அவர் சிரிச்சார். ரொம்ப நாளாச்சு அதைப் பார்த்து.

அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார், "ஸ்கிராப்புக்கு ஓட்டறதுக்கு எதுக்கு மாப்ள புது பிரேக்கு?"

யார் சொன்னாங்கன்னு தெரியலை. நான் சொல்லவே இல்லை. பதிலும் சொல்லலை, எக்ஸ்டென்ஷன் போர்டைச் சுத்தி வைக்கிற மாதிரி நகர்ந்துட்டேன். அன்னிக்கு ராத்திரி தங்கமணிகிட்ட பாஸ்வேர்டைச் சொன்னேன். ஷீட்டைப் பார்த்தாங்க. திட்டு வரும்னு காத்திருந்தா, "திரைத்துணிக்கு ஒண்ணும் எழுதலையே"ன்னு கேட்டாங்க. மச்சானுக்கு இன்னும் கோபம்தான். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. இந்தப் பணத்துக்குப் பல தடவை ஏசியில் ஊருக்குப் போயிட்டு வரலாம்.

இன்சூரன்ஸ், பி.யு.சி. எல்லாம் எடுத்தப்புறம் பழைய காத்ரஜ் மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்தோம். ஓட்டினது நான், கியர் மாத்தினது மாமாவோட வாய். "இப்ப மூணு... இப்ப ரெண்டு..." கறும்புகை கொஞ்சம் வருது, பம்பை ஒரு தடவை கேலிப்ரேஷனுக்குக் கொடுக்கணும். மேலே நிறுத்தி, பலகை ஓட்டையில் ஃபில்டரை வச்சு மாமாவே காபி போட்டார். டிகாக்‌ஷன் தண்ணியா இருந்தது, யாரும் சொல்லலை.

சொசைட்டிக்கு வண்டி ஓடுதுன்னு எழுதிக் கொடுத்தாச்சு. இப்போ ரெண்டாவது வண்டிக்குத் தனி வாடகை கேக்கறாங்க, அது வேற பஞ்சாயத்து. ஆர்.சி. 2026-ல் மறுபடி புதுப்பிக்கணும். அதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு பாக்கி. பின் கதவை இப்போதைக்குக் கயிறு போட்டுக் கட்டியிருக்கோம். புதுப்பேட்டை, உக்கடம் பக்கம் போற புண்ணியவான்கள் யாராவது பழைய மெட்டடாரைப் பார்த்தா கொஞ்சம் எட்டிப் பாருங்க. இடது பக்கப் பின் கதவு, உள்பக்கக் கொக்கி. அதுல நம்பர் கிடையாது. கேட்டீங்கன்னா போட்டோ அனுப்பறேன்.