பனிக்கட்டியின் மேல் ஒரு கிறிஸ்மஸ் இரவு

இராயப்பரின் திருப்பெயர் தாங்கிய பீட்டர்ஸ்பர்க் நகருக்கு டிசம்பர்த் திங்களில் செல்வோர் முதலில் இருளைப் பழகிக்கொள்ள வேண்டும். காலை பத்து மணியளவில்தான் பொழுது புலரும். பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுவான். நாம் அங்குச் சென்றது 2018-ஆம் ஆண்டு டிசம்பரில். நெவ்ஸ்கி பெருஞ்சாலையின் விளக்கொளியில் பனித்துகள்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அச்சாலையிலேயே நம் கத்தோலிக்கத் திருச்சபைக்குரிய புனித கத்தரீனம்மாள் ஆலயம் நிற்கிறது. 1783-இல் அபிஷேகம் செய்யப்பட்டு, 1938-இல் சோவியத் ஆட்சியினரால் மூடப்பட்டு, 1990-களில் மீண்டும் திருச்சபையின் கைக்கு வந்த ஆலயம் அது. அங்குச் சிறிது நேரம் முழந்தாளிட்டிருந்துவிட்டுத் தெற்கு நோக்கி நடந்தோம். நாம் தேடிச் சென்றவை இரண்டு இடங்கள்: ஒன்று அரங்கம், மற்றொன்று தோட்டம்.

அரங்கம் என்பது மாரியின்ஸ்கி நாடக அரங்கு. 1892-ஆம் ஆண்டு டிசம்பர் 18 அன்று, சைக்கோவ்ஸ்கி இசையமைத்த ‘நட்கிராக்கர்’ என்னும் பாலே நடனம் முதன்முதலாக அரங்கேறியது இங்கேதான். கதை நம் வாசகர் பலருக்கும் தெரிந்திருக்கலாம். கிறிஸ்மஸ் முன்னிரவில், கிளாரா என்னும் சிறுமிக்கு அவளுடைய ஞானத்தந்தை ஒரு மரப்பொம்மையைப் பரிசளிக்கிறார். போர்வீரன் வடிவிலமைந்த அப்பொம்மையின் வாயில் வாதுமைக் கொட்டையை வைத்து அழுத்தினால் ஓடு உடையும். தம்பி அதை முறித்துவிடுகிறான். அவளோ காயமுற்ற பிள்ளையைப் போல் அதைப் பேணுகிறாள். நள்ளிரவில் எலிகளின் படை வருகிறது. கிளாரா தன் காலணியை வீசி எலியரசனை வீழ்த்த, பொம்மை இளவரசனாகிறது. இருவரும் பனி பெய்யும் கானகத்தைக் கடந்து இனிப்புகளின் நாட்டுக்குச் செல்கின்றனர். ஜெர்மானிய எழுத்தாளர் ஹாஃப்மன் 1816-இல் எழுதிய கதையை, பிரெஞ்சு நாவலாசிரியர் டூமா 1844-இல் மென்மையாக்கி எழுதினார். அந்த மென்மையான வடிவமே மேடைக்கு வந்தது.

இவ்விசையைக் குழந்தைகளுக்குரிய விளையாட்டு என்று எண்ணுவோர் ஒன்றை அறிதல் வேண்டும். 1891-ஆம் ஆண்டின் இளவேனிலில், இதை எழுதிக்கொண்டிருந்த வேளையில், சைக்கோவ்ஸ்கியின் அன்புத் தங்கை அலெக்சாந்திரா காலமானார். பாரிஸ் நகரில் ஒரு செய்தித்தாளைப் புரட்டியபோதுதான் அவர் அதை அறிந்தார். இறுதியில் வரும் இருவர் நடனத்தின் இசையைக் கேளுங்கள். மேலிருந்து கீழாக, படிப்படியாக, எட்டுச் சுரங்கள் இறங்கி வருகின்றன, அவ்வளவே. நம் செவிக்கு அது சங்கராபரணத்தின் அவரோகணம். அந்த எளிய இறக்கத்தில் தங்கையின் நினைவு இருப்பதாகக் கருதுவோர் பலர் உளர். இனிப்புகளின் நாட்டில் அத்துணைத் துயரம் எங்கிருந்து வந்தது என்று நாமும் வியந்ததுண்டு.

முதல் அரங்கேற்றம் பெரும் புகழை ஈட்டவில்லை. மேடையில் குழந்தைகள் மிகுதி என்றும், முதன்மை நடனமணி வெகு நேரம் கழித்தே வருகிறாள் என்றும் குறை கூறினர். நடன ஆசிரியர் பெத்திபா நோயுற்றதால் பொறுப்பேற்ற இவானோவ் அமைத்த பனித்துகள் நடனம் மட்டும் பாராட்டுப் பெற்றது. பனியே இந்த நடனத்தின் உயிர் என்று அன்றே சிலர் உணர்ந்தனர் போலும்.

இனித் தோட்டத்துக்கு வருவோம். அரங்கிலிருந்து அரை மணி நேர நடைக்குள், சதோவயா தெருவில், யூசுப்போவ் தோட்டம் இருக்கிறது. குளமும் மரங்களும் கொண்ட எளிய பூங்கா. வழிகாட்டிகள் பயணிகளை இங்கு அழைத்து வருவதில்லை. ஆனால் 1896-ஆம் ஆண்டு பிப்ரவரியில், பனிக்கட்டியின் மேல் எஃகுத் தகடு பூட்டிய காலணிகளுடன் சறுக்கி ஆடும் கலைக்கு, முதல் உலக வாகையர் போட்டி நடந்தது இந்நகரில்தான். அக்கலை இங்கே வளர்ந்தது இத்தோட்டத்துப் பனியில்தான். போட்டியிட்டவர் நால்வர் மட்டுமே! வென்றவர் ஜெர்மனியின் கில்பர்ட் ஃபுக்ஸ். இங்குப் பயின்ற நிக்கொலாய் பானின் 1908-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் இரஷ்யாவுக்கு முதல் தங்கத்தைப் பெற்றுத் தந்தார்.

ஆக, பனியைப் பற்றிய பாலேயும் பனியின் மேல் ஆடும் கலையும் நான்கு ஆண்டு இடைவெளியில், ஒரே நகரில், அண்டை வீட்டாரைப் போல் நின்றன. ஆயினும் அவை கைகோக்க நெடுங்காலம் ஆயிற்று. ஜாக்சன் ஹெய்ன்ஸ் என்னும் அமெரிக்க நடனக்காரர் 1860-களிலேயே வியன்னாவில் இசைக்கேற்பப் பனியில் ஆடிக் காட்டியிருந்தார். எனினும் முழுமையான பாலேக்களைப் பனியில் ஆடவென்றே ஒரு குழு இந்நகரில் உருவானது 1967-இல்தான். அதை நிறுவியவர் கான்ஸ்தந்தீன் பொயார்ஸ்கி என்னும் பாலே ஆசிரியர்.

இந்நகர மக்களுக்குப் பனிக்கட்டி வெறும் கேளிக்கைப் பொருளன்று என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1941 செப்டம்பரில் நாசிப் படைகள் நகரை வளைத்துக்கொண்டன. அந்நவம்பரில் தொழிலாளர் அல்லாதாருக்கு நாளொன்றுக்குக் கிடைத்தது 125 கிராம் ரொட்டி மட்டுமே. லதோகா ஏரி உறைந்த பின், அப்பனிக்கட்டியின் மேல் ஓடிய லாரிகளே மாவைக் கொணர்ந்தன. சில லாரிகள் பனி உடைந்து மூழ்கின. டிசம்பர் 25 அன்றுதான் ரொட்டியின் அளவு 200 கிராமாக உயர்த்தப்பட்டது. கிறிஸ்மஸைக் கொண்டாடாத அரசு, அந்த நாளை எண்ணிச் செய்ததன்று. நமக்கோ அந்தத் தேதியைப் படித்தபோது நெஞ்சு நெகிழ்ந்தது. கிறிஸ்மஸ் மரத்தையே 1920-களின் இறுதியில் விலக்கி, 1935-இல் ‘புத்தாண்டு மரம்’ என்று பெயர் மாற்றித் திரும்ப அழைத்த அரசு அது. மேடையில் கிளாரா வீட்டு மரம் மட்டும் நின்றுகொண்டேயிருந்தது.

அன்று மாலை நாம் பார்த்தது, ஒரு சாதாரண நாடக மேடையில் பனிக்கட்டி அமைத்து நிகழ்த்திய நட்கிராக்கர். மேடையில் குழாய்களைப் பரப்பி, அவற்றில் குளிரூட்டிய திரவத்தை ஓடவிட்டு, மேலே நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துச் சில அங்குலத்துக்குள் உறையச் செய்கின்றனர். போட்டிக்குரிய களம் 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. இம்மேடையோ அதில் ஒரு மூலைதான். பாய்ந்து வந்து எழும்பிச் சுழல ஓடுதளமே இல்லை. ஆகவே ஆடுவோர் சிறு வளைவுகளுக்குள்ளேயே வேகத்தைத் திரட்டுகின்றனர். திரைமறைவிலிருந்து வருபவர் மறுபுறத் திரைக்குள் மோதிவிடுவாரோ என்று நமக்கு அடிக்கடி அச்சம் எழுந்தது.

மாற்றத்தில் இழப்பும் உண்டு என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. பாலே நடனமணி கால்விரல் நுனியில் அசையாது நிற்கும் அந்த ஒரு கணம், எஃகுத் தகட்டின் மேல் கைகூடாது. தகடு ஓடிக்கொண்டே இருக்க விரும்புவது. இனிப்புத் தேவதையின் நடனத்துக்காகச் சைக்கோவ்ஸ்கி பாரிஸிலிருந்து செலஸ்டா என்னும் புதிய இசைக்கருவியை வரவழைத்தார். வேறெவரும் முந்திக்கொள்ளாதிருக்க அதை மறைத்தும் வைத்தார். மணித்துளி போன்ற அதன் ஒலிக்கு ஏற்ற சிற்றடிகளை, இங்கே தகட்டின் முனையிலுள்ள பற்களை ஊன்றித் தத்தித் தத்தி ஆடினர். கராக் கராக் என்ற ஓசை செலஸ்டாவைக் கெடுத்தது. நமக்கு அது பிடிக்கவில்லை.

ஆனால் பனித்துகள் நடனம் வந்தபோது அத்தனையும் மறந்துபோயிற்று. மரத்தளத்தில் ஆடுவோர் எத்துணை மெல்ல அடிவைத்தாலும் அது அடிவைத்தலே. இங்கோ அடியே இல்லை. காற்றில் தள்ளுண்ட துகள்களாகவே வெண்ணுடைப் பெண்கள் மிதந்து வந்தனர். நடுவில் ஒருத்தி வழுக்கி விழுந்தாள். கூட்டம் ‘ஆ’ என்றது. இசை அவளுக்காக நிற்கவில்லை; அவள் எழுந்து, இரண்டு வட்டங்களை விட்டுவிட்டு, மூன்றாவதில் தன் இடத்தைச் சேர்ந்துகொண்டாள். முழங்காலில் ஈரம் தெரிந்தது. முகத்தில் புன்னகை அப்படியே இருந்தது.

மேலைநாடுகளிலும் இது பரவியுள்ளது. 1976-இல் ஒலிம்பிக் தங்கம் வென்ற டோரத்தி ஹாமிலும், 1980-இல் வென்ற ராபின் கசின்ஸும் 1983-இல் தொலைக்காட்சிக்காக இதனை ஆடினர். 1990-களில் உக்ரேனின் ஒக்சானா பையுல் ஆடினார். தந்தை பிரிந்து சென்று, பதின்மூன்று வயதில் தாயையும் இழந்து, பதினாறு வயதில் ஒலிம்பிக் தங்கம் வென்ற பெண் அவர். குடும்பமெல்லாம் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் முதற்காட்சியைக் கொண்ட இக்கதையில் அவர் ஆடினார் என்பதை நினைக்கையில், அந்த இறங்கும் எட்டுச் சுரங்கள் மறுபடியும் செவியில் கேட்கின்றன.

இத்தகைய நிகழ்ச்சிக்குச் செல்லும் வாய்ப்புப் பெறும் அன்பர்களுக்கு ஒரு சொல்: முன்வரிசைக்கு மிகுந்த பணம் கொடுக்க வேண்டாம். மேடையின் குளிர் நேரே முழங்காலில் இறங்கும், சால்வை போதாது. மேல்மாடத்தில் அமருங்கள். அங்கிருந்து பார்த்தால்தான் ஆடியவர்கள் பனியில் வரைந்து சென்ற வளைகோடுகள் தெரியும். இடைவேளையில் ஒரு முதியவர் வந்து, நீர் தெளித்து, அவற்றையெல்லாம் அழித்துவிட்டுப் போகிறார்.