கங்காவில் எழுதியிருந்தது

நாசரேத்,
ஜூலை 14

அன்புள்ள அக்கா,

இது ஜெபக் கடிதம் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் வாசித்துக் காட்டிவிடாதீர்கள். டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டு, கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு நீங்கள் மட்டும் படியுங்கள்.

வந்து மூன்று வாரம் ஆகிறது. தாங்குகிற சபைகளில் பதினொன்று முடிந்தது, ஐந்து பாக்கி. மேல்காற்று தேரி மண்ணை அள்ளிக்கொண்டு வந்து பல்லில் வைக்கிறது. கண்ணை மூடினால் தான்சானியா, நம் கோங்வா சந்தைதான். நேற்று திசையன்விளை பஸ்ஸில் ஒரு அம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள். வாய் தவறி, நன்றிக்கு "அசாந்தே" என்றேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "சாத்தான்குளம் போகாதும்மா, இறங்கிக்கோ" என்று விசில் ஊதிவிட்டார். விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் பாதி பஸ்ஸுக்கு என் ஊழியம் தெரிந்துவிட்டது.

சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை, உங்களைக் கொடுமைப்படுத்த மனசில்லை. ஆனால் ஒன்று. ஊருக்கு வந்த பத்தாம் நாள், அசனத்தில் ஆட்டுக்கறிக் குழம்பு இலையில் ஓடிக்கொண்டிருக்க, எனக்கு ஒரு உருண்டை சோளமாவு உகாலியும் கொஞ்சம் ம்சிச்சாக் கீரையும் இருந்தால் போதும் என்று தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் மந்திரிப்பார்கள்.

சபைகளில் நடப்பது உங்களுக்குத் தெரியாததில்லை. சபை ஐயர் என்னை அறிமுகப்படுத்தவே ஆறு நிமிடம் எடுத்துக்கொள்வார். பிறகு, "சகோதரி பணித்தள அனுபவத்தைச் சுருக்கமா ஏழு நிமிஷத்துல சொல்லுவாங்க" என்பார். சொல்லி முடித்தால் வாசலில் கேள்வி. சிங்கம் பார்த்தீங்களா? சூனியக்காரன் இருக்கானா? எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டாங்க?

கடைசிக் கேள்விக்கு என்ன சொல்ல? நம் பிள்ளைகளின் தாத்தா காலத்திலேயே அங்கே கோயில் கட்டியாயிற்று, ஞாயிற்றுக்கிழமை உட்கார இடம் கிடைக்காது, அவர்கள்தான் எனக்காக ஜெபிக்கிறார்கள் என்று சொன்னால் முகங்கள் வாடிவிடுகின்றன. நான் செய்வது கணக்கு நடத்துவது. ஏழு வருஷம் சுவாஹிலியில் படித்த பிள்ளை முதல் படிவத்துக்கு வந்ததும் எல்லாமே இங்கிலீஷ் ஆகிவிடுகிறது. முக்கோணம் என்றால் என்ன என்று அதற்கு நன்றாகத் தெரியும், கேள்வித்தாளில் இருப்பது முக்கோணம்தான் என்பது மட்டும் தெரியாது. அந்த இரண்டுக்கும் நடுவே நான் நிற்கிறேன், அவ்வளவுதான். இதை ஒரு ஊரில் சொன்னேன். கமிட்டி மெம்பர் ஒருவர், "கணக்கு நடத்தவா ஆப்பிரிக்கா வரைக்கும் போனிய? நம்ம ஸ்கூல்லயே கணக்கு டீச்சர் போஸ்ட் ரெண்டு வருஷமா காலியால்லா கெடக்கு" என்றார். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவர் சொன்னது பாதி சரி என்பதுதான் எரிச்சல்.

படம் காட்டுவதும் அப்படித்தான். புது யூனிபார்மில் நம் இரண்டாம் படிவப் பெண்கள் வரிசையாக நின்று சிரிக்கிற படம் இருக்கிறதே, லேப்டாப் இயக்கிய தம்பி அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல பிள்ளைய எல்லாம் நல்லாருக்கே, வேற இல்லையா?" என்றான். வேறு இருந்தது. அதைக் காட்டினேன்.

நல்ல கேள்வி கேட்டவர் ஒரே ஒருவர். கடலை போடுகிற சம்சாரி. கோங்வாவில் 1947இல் வெள்ளைக்காரன் டிராக்டரோடு வந்து நிலக்கடலைத் திட்டம் என்று கொட்டி முழக்கி, 1951இல் விட்டுவிட்டுப் போன கதையை எதற்கோ சொன்னேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "மண்ணை விடுங்க. மழைக் கணக்குக் கேக்காமலா வெதைச்சான்?" என்றார். அவரோடு ஒரு மணி நேரம் பேசியிருப்பேன், ஐயர் காப்பிக்குக் கூப்பிட்டுவிட்டார்.

இனி நான் எழுத வந்த விஷயம்.

தேரிக்குத் தெற்கே ஒரு சபை. பேர் எழுதமாட்டேன், உங்கள் அத்தை காதுக்குப் போய்விடும். அன்று அங்கே ஸ்தோத்திரப் பண்டிகை. ஆராதனை முடிந்து, வேப்பமரத்தடியில் ஏலம். நம் ஞாயிற்றுக்கிழமை ம்னாடாவேதான் அக்கா, மொழிதான் வேறு. வாழைத்தார், பூசணி, ஓலைக் கொட்டானில் கருப்பட்டி, காலைக் கட்டிப்போட்ட சேவல். ஒருவர் நூறு ரூபாய்க்கு எடுத்த முருங்கைக்காய்க் கட்டைத் திரும்பக் கொடுக்கிறார், அது மறுபடி ஏலத்துக்கு வருகிறது. அங்கே முட்டை இப்படித்தானே கைமாறிக் கைமாறி மத்தியானம் வெயிலில் கிடக்கும்.

மிஷனெரி ஏதாவது பொருள் தந்தால் ஊழியத்துக்குப் பணம் சேரும் என்றார் ஐயர். பெட்டியில் உபுயு மிட்டாய் இருந்தது, அதைப் பிள்ளைகள் முதல் நாளே தின்று நாக்கைச் சிவப்பாக்கிவிட்டார்கள். மீதி இருந்தது, புறப்படும்போது சமையற்கட்டு மாமா என் கையில் திணித்த அந்த மஞ்சள் கங்கா. எடுத்துக் கொடுத்தேன்.

முதல் தப்பு மைக்கில் நடந்தது. "இது எங்க பள்ளிக்கூடத்து மாமா ஆசையாக் கொடுத்த துணி" என்று சொல்லிவிட்டேன். பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. முப்பத்தெட்டு வயசு, கல்யாணம் ஆகாத மிஷனெரி, மாமா, ஆசையாய், துணி. "மாமான்னா அங்க அம்மான்னு அர்த்தம்" என்று அவசரமாய்ச் சொன்னேன். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. துணிக்குப் பேர் என்ன என்று கேட்டார்கள். கங்கா என்றேன். முன்வரிசைப் பெரியவர், "கங்கையா? அதைக் கோயில்ல எதுக்கு?" என்று முகம் சுளித்தார்.

இரண்டாவதுதான் பெரிய தப்பு. ஐயர் துணியை விரித்துப் பிடித்தார். கரைக்கு நடுவில் கொட்டை எழுத்து. "அருமை! வசனம் போட்டிருக்கு. சகோதரி தமிழ்ல சொல்லட்டும்."

கங்காவில் எப்படிப்பட்ட வசனம் வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? நான் அதுவரை அதைப் படித்தே பார்க்கவில்லை. அப்போதுதான் படித்தேன். 'வயிறு எரிந்தால் எரியட்டும், எனக்கு வரவேண்டியது வந்தாயிற்று.'

முந்நூறு பேர் முகத்தைப் பார்த்தேன். வாய் தானாகத் திறந்தது. "தேவன் நமக்கென்று குறித்ததை யாராலும் தடுக்க முடியாது." ஆமென் என்றார்கள். ஐயர் கண்ணைக்கூட மூடிக்கொண்டார். ஏலம் இருநூறில் தொடங்கித் தொள்ளாயிரம் வரை பக்தியோடு ஏறியது.

பின்னால் மதில் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு. வெள்ளை மீசை, கட்டம் போட்ட சாரம். "ஹபாரி, மாமா!" என்றார். எனக்குக் காலடி மண் நகர்ந்தது. இருபது வருஷம் கப்பலில் போனவராம். மொம்பாசாவிலும் தார் எஸ் சலாமிலும் சரக்கு இறங்க மாசக்கணக்கில் கிடந்தவராம். முன்னால் வந்து எழுத்துக் கூட்டி வாசித்தார், நல்ல துறைமுகச் சுவாஹிலி. பிறகு ஊர்த் தமிழில் பிட்டுப்பிட்டு வைத்தார்.

ஒரு நொடி காற்றுச் சத்தம் மட்டும். அப்புறம் பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! நான் ஐயர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆனால் ஏலம் அதற்குப் பிறகுதான் சூடுபிடித்தது. அந்தச் சபையில் போன கமிட்டி எலெக்‌ஷனிலிருந்து இரண்டு குடும்பம் பேச்சுவார்த்தை இல்லையாம். இரண்டு வீட்டுக்கும் அந்த வாசகம் கட்டாயம் வேண்டும், எதிர்வீட்டுக்குக் காட்ட. ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம், மூவாயிரம். ஏலம் போட்டவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒருதரம், ரெண்டுதரம் என்பதற்குள் எதிர்ப்பக்கத்தில் கை எழும்பும். பதினோராயிரத்தில் முடிந்தது. எலெக்‌ஷனில் தோற்ற வீட்டு அம்மாதான் எடுத்தாள். எழுத்து முதுகில் தெரிகிற மாதிரி போர்த்திக்கொண்டு, வெயிலில், தெரு முழுக்க நடந்து வீட்டுக்குப் போனாள். அவள் மட்டும் துணியைத் திரும்பக் கொடுக்கவில்லை.

பணம் முழுவதும் பள்ளிக்கூடத்துக்கு. லேப் மேஜைக்கு ஆகும். ஐயர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கப்பல்காரர் மட்டும் போகும்போது, "நல்லாத்தான் மாத்திச் சொன்னிய டீச்சர். நானும் வீட்டுக்கு எழுதும்போது அப்படித்தான்" என்றார்.

எனக்குப் பொய் சொன்னதுகூட அவ்வளவு உறுத்தவில்லை அக்கா. அது அவ்வளவு சுலபமாக வந்ததே, அதுதான். எத்தனை வருஷம் பழக்கம்! மூன்று மாதத்துக்கு ஒரு ஜெபக் கடிதம், ஒவ்வொன்றிலும் இதே கைவேலை. பிள்ளைகள் லாகரிதம் புரியவில்லை என்று அழுததை, 'ஞானத்துக்காக வாஞ்சிக்கிறார்கள்' என்று எழுதியவள்தானே நான்.

மறுநாள் இடையன்குடி போனேன். வேலை ஒன்றும் இல்லை, சும்மா. கால்டுவெல் 1847இல் தொடங்கி 1880இல் முடித்த கோயில், முப்பத்து மூன்று வருஷம். மனுஷன் விடுப்பில் சீமைக்குப் போனபோது ஒப்பிலக்கணத்தை லண்டனில் அச்சேற்றிவிட்டு வந்தார், 1856இல். என் விடுப்பில் இதுவரை நடந்தது ஒரு கடைவாய்ப்பல் பிடுங்கியது.

வெளியே திண்ணையில் உட்கார்ந்தபோது ஒப்பிலக்கணம் நினைவுக்கு வரவில்லை, 1849இல் அவர் போட்ட அந்தச் சின்னப் புத்தகம்தான் வந்தது. சீமைக்காரர்கள் படிக்கட்டும் என்று நம் முன்னோரைப் பற்றித் தாழ்வாக எழுதியது. அது நம் ஆட்களின் கைக்கு வந்தபோது எப்படிக் கொதித்தார்கள், எத்தனை மறுப்பு எழுதினார்கள்! அப்பாவுக்கு இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் குரல் மாறும், அதே மூச்சில் கால்டுவெல் கட்டின கோயிலையும் பெருமையாகச் சொல்வார். அந்தப் புத்தகத்தை எழுதும்போது அவர் இங்கேதான் குடியிருந்தார். பின்வரிசையில் வாசிக்கத் தெரிந்தவன் வந்து உட்காருவான் என்று நினைத்திருக்கமாட்டார். நான் காட்டுகிற கிழிந்த சட்டைப் படத்தில் இருக்கிற பையன் இப்போது மொரோகோரோவில் படிக்கிறான், கையில் போன் வைத்திருக்கிறான்.

போன ஞாயிறு அந்தப் படத்தை எடுத்துவிட்டேன். ஏழு நிமிடமும் முதல் படிவக் கணக்கு வகுப்பைப் பற்றியே பேசினேன். பெருமைக்கு எழுதவில்லை. கேட்டவர்களில் பாதிப் பேர் வாட்சைப் பார்த்தார்கள், தட்டில் விழுந்தது வழக்கத்தில் பாதிதான். அடுத்த ஐந்து சபையில் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. சிங்கத்தைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாமா என்றும் யோசிக்கிறேன்.

உங்களுக்குச் சில்லுக்கருப்பட்டி இரண்டு கிலோ வாங்கியாயிற்று. போன தடவை மாதிரி ஏர்போர்ட்டில் பிரித்து மோந்து பார்க்காமல் இருக்க வேண்டும். நாலாம் படிவப் பிள்ளைகளுக்கு நவம்பரில் பரீட்சை, லாகரிதப் புத்தகங்கள் என் அலமாரி மேல்தட்டில் இருக்கின்றன, சாவி உங்களிடம்தான்.

இன்னொன்று. சமையற்கட்டு மாமாவிடம் கங்கா பதினோராயிரம் ரூபாய்க்குப் போனது என்று சொல்லுங்கள், ஷில்லிங்கில் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். அந்த எழுத்தைப் படித்துவிட்டுத்தான் கொடுத்தாளா என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சிரித்தால், அதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை