தேய்மானம் போடாத சைக்கிள்

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் தேய்மானம் கழிப்பான். புதுக்கோட்டை பக்கம் ஒரு சைக்கிள் கடையில் என் பைக் பஞ்சருக்காகக் காத்திருந்தேன். மூலையில் ஒரு பழைய ஜென்ட்ஸ் சைக்கிள். கழித்துப் பார்த்தேன். மிச்சம் பூஜ்யம்.

"இதை எடைக்குப் போட்டுடலாமே?" என்றேன்.

"தம்பி, அது என்னோடது" என்றார் பக்கத்திலிருந்த அம்மா. எனக்கு வேர்த்துவிட்டது.

1991-ல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் கொடுத்த ஊக்கம். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகியவர்கள் பலர். அந்த பார்தான் பிள்ளையை உட்கார வைக்க வசதியாம்!

"அதுவரைக்கும் பஸ் வந்தாத்தான் போகலாம். இல்லாட்டி வீட்டுக்காரர் மனசு வைக்கணும். ரெண்டுமே லேட்டுதான்" என்று சிரித்தார். "என் மகளை இந்த பார்ல வச்சுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். எடைக்கா போடச் சொல்றீக?"

நான் ஏன் வாயைத் திறக்கிறேன்?

கடைக்காரர் கழித்துப் போட்ட பள்ளிக்கூட இலவச சைக்கிள் ஒன்றிலிருந்து ஃப்ரீவீலைக் கழற்றி இதில் மாட்டினார். பெடலும் அதிலிருந்துதான். பால்ரஸ் மட்டும் புதுசு. ரிம்மைச் சுற்றிவிட்டு, ஒற்றைக் கண்ணை மூடிக் கோட்டம் பார்த்தார்.

அம்மா இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து கூலியை எண்ணிக் கொடுத்துவிட்டு, ஒரே எம்பில் ஏறிப் போய்விட்டார்.

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"சார், உங்க டியூப்தான் தேறாது."