புக்மார்க்குகளை மூட்டை கட்டுவது எப்படி?

புதுக் கணினி வந்ததும் பாட்டு, படம், புராஜெக்ட் கோப்புகள் எல்லாம் பென்டிரைவில் ஏறிவிடும். உலாவியில் மூன்று நான்கு வருஷமாகச் சேர்த்துவைத்த புக்மார்க்குகள் மட்டும் யாருக்கும் ஞாபகம் வராது. பழைய கணினியை ஃபார்மட் செய்து தம்பிக்கோ தங்கைக்கோ கொடுத்த பிறகுதான், "அந்தத் தளத்தோட பேரு என்ன?" என்று தலையைச் சொறிய வேண்டியிருக்கும்.

தேடுபொறி இருக்கிறதே என்பார்கள். என்ன தேடுகிறோம் என்று தெரிந்தவருக்குத்தான் அது உதவும். எங்கோ ஒரு பேராசிரியர் தன் சொந்தப் பக்கத்தில் போட்டுவைத்த பாடக்குறிப்பு. தலைப்பும் மறந்துவிட்டது, அவர் பெயரும் மறந்துவிட்டது. எதை அடித்துத் தேடுவது?

புக்மார்க் என்பது பக்கம் இல்லை. பக்கத்தின் விலாசம் மட்டும்தான். ஒரு பெயர், ஒரு முகவரி, சேர்த்த தேதி, எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்ற தகவல், அவ்வளவே. இதில் முகவரி ஊருக்கே பொது. பெயரும் பெட்டியும்தான் சேர்த்தவரின் உழைப்பு. 'நாலாவது செமஸ்டர்', 'நேரம் கிடைத்தால் படிக்க' என்று ஒருவர் பிரித்து அடுக்கியதை எந்தத் தேடுபொறியாலும் திருப்பித் தர முடியாது. மூட்டை கட்ட வேண்டியது அந்த அடுக்கைத்தான்.

சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு உலாவியும் இதை ஒவ்வொரு விதமாகப் பூட்டி வைக்கிறது. 1993-இல் வந்த மொசைக் இதை 'ஹாட்லிஸ்ட்' என்றது. 1994-இல் வந்த நெட்ஸ்கேப் 'புக்மார்க்' என்றது. மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 'ஃபேவரிட்ஸ்' என்று பெயர் வைத்து, ஒரு முகவரிக்கு ஒரு குட்டிக் கோப்பு என்று விண்டோஸ் ஃபோல்டரிலேயே போட்டது. அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தால் வேலை முடிந்தது. நெருப்புநரி 2008-இல் தன் மூன்றாம் பதிப்பிலிருந்து எல்லாவற்றையும் ஒரு தரவுத்தளக் கோப்புக்குள் வைத்துக்கொண்டது. அதே ஆண்டு வந்த குரோம் ஜேசான் வடிவத்தில் எழுதுகிறது. தேதியைக்கூட ஒரே மாதிரி எண்ணுவதில்லை. பழைய நெட்ஸ்கேப் முறை 1970 தொடங்கி நொடிகளை எண்ணும். குரோம் 1601 தொடங்கி நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்காக எண்ணும்! ஒன்றின் கோப்பை இன்னொன்றுக்குள் திணித்தால் ஏன் மக்கர் பண்ணுகிறது என்பதற்கு இதுவே போதும்.

ஆனால் எல்லா உலாவிக்கும் புரிகிற ஒரு பொதுப் பாஷை உண்டு. எக்ஸ்போர்ட் செய்தால் கிடைக்கும் எச்டிஎம்எல் கோப்புதான் அது. குரோமிலும் விண்டோஸ் நெருப்புநரியிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புக்மார்க்குகளின் பட்டியல் திறக்கும். அங்கேயே எக்ஸ்போர்ட், இம்போர்ட் இரண்டும் உண்டு. கிடைத்த கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தால் ஒரு வேடிக்கை: முதல் வரியில் நெட்ஸ்கேப்பின் பெயர் இருக்கும். நெட்ஸ்கேப் உலாவிக்கு 2008 மார்ச்சிலேயே மூடுவிழா நடந்துவிட்டது. அதைத் தோற்கடித்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கும் 2022 ஜூனில் விடைகொடுத்தாயிற்று. இருவரும் போன பிறகும் குரோம், நெருப்புநரி, எட்ஜ் எல்லாம் இன்னும் நெட்ஸ்கேப்பின் பெயரைப் போட்டே கோப்பு எழுதுகின்றன. அதன் டேக்குகள் பாதி மூடாமல் கிடக்கும். இலக்கண சுத்தமான எச்டிஎம்எல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் எல்லோருக்கும் புரிகிறது.

இதில் கவனிக்க வேண்டியவை சில. எச்டிஎம்எல் கோப்பை இம்போர்ட் செய்தால் இருப்பதோடு கூடுதலாகச் சேரும். இரண்டு முறை செய்தால் எல்லாம் இரட்டை. நெருப்புநரியில் 'பேக்கப்' என்று தனியாக ஒன்று உண்டு. அதை 'ரீஸ்டோர்' செய்தால் இருப்பதை அழித்துவிட்டுத்தான் பழையது வந்து உட்காரும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் நேற்று சேர்த்தது இன்று காணாமல் போகும். இன்னொன்று, இந்தக் கோப்புக்குப் பூட்டு கிடையாது. கல்லூரி லேபில் பென்டிரைவை மறந்து விட்டுவந்தால், எடுத்தவர் எல்லாவற்றையும் படிக்கலாம்.

தமிழ்ப் பக்கங்களைச் சேர்ப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி. 2000-களின் தொடக்கத்தில் பல தமிழ்த் தளங்கள் யுனிகோடில் இல்லை. திஸ்கியிலும் தங்கள் சொந்த எழுத்துருக்களிலும் இயங்கின. அவற்றின் தலைப்புகள் புக்மார்க்கில் ஐரோப்பிய எழுத்துக் குப்பையாகத்தான் விழும். அப்போது கையால் பெயர் மாற்றி வைத்தவர்களுக்கு மட்டும்தான் இன்று எது எதுவென்று தெரியும். இப்போது யுனிகோடு வந்துவிட்டதால் தலைப்பு பிழைத்துக்கொண்டது, முகவரிதான் பயமுறுத்துகிறது. தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரை ஒன்றின் முகவரியில் 'கி' என்ற ஓர் எழுத்தே சதவீதக் குறிகளோடு பதினெட்டு இடம் பிடிக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். உலாவிக்குள் போனால் சரியாகத் திறக்கும்.

"இவ்வளவு எதுக்கு? சிங்க் போட்டா தானா வந்துடுமே" என்பது அடுத்த கேள்வி. வரும், உண்மைதான். ஒரு கணினியில் சேர்த்தது இன்னொன்றில் வரும். ஒன்றில் தவறி அழித்தால் இன்னொன்றிலும் அழியும். சிங்க் என்பது கண்ணாடி மாதிரி. முன்னால் நிற்பதைக் காட்டும், நேற்று நின்றதைக் காட்டாது.

மாணவர்களுக்கு இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பலர் உலாவிக்குள் நுழைவது கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் கணக்கில். படிப்பு முடிந்தபின் கல்லூரி அந்தக் கணக்கை மூடிவிட்டால், அதோடு ஒட்டியிருந்த சேமிப்புக்கு வழி அடைபட்டுவிடும். டிசி வாங்க அலையும் வாரத்தில் புக்மார்க்கை நினைப்பவர் யார்? கடைசி செமஸ்டர் தேர்வுக்கு முன்னாலேயே ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்து, சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுவது நல்லது. ஐந்து நிமிஷ வேலை.

பெரிய சேவைகளை நம்பியவர்கள் கதையும் இதுதான். டெலிஷியஸ் 2003-இல் தொடங்கியது, 2005-இல் யாஹூ வாங்கியது, 2011-இல் கைமாறியது, 2017-இல் மறுபடியும் கைமாறி, புதிதாக எதுவும் சேர்க்க முடியாத காட்சிப்பொருள் ஆனது. வெவ்வேறு உலாவிகளை இணைத்துத் தந்த எக்ஸ்மார்க்ஸ் 2018 மே மாதம் மூடப்பட்டது. கூகுள் புக்மார்க்ஸ் 2005-இல் வந்து 2021 செப்டம்பரில் போனது. ஒவ்வொரு முறையும் தப்பித்தவர்கள், நேரத்தோடு அந்த எச்டிஎம்எல் கோப்பை இறக்கி வைத்துக்கொண்டவர்கள்தான்.

விலாசம் பத்திரமாக இருந்தாலும் வீடு இருக்க வேண்டுமே! 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து ஆண்டுகளில் கிடைக்காமல் போனதாக பியூ ஆய்வு மையம் 2024-இல் சொன்னது. முக்கியமான பக்கங்களைக் கணினியிலேயே தனியாகச் சேமிப்பதும், இன்டர்நெட் ஆர்க்கைவில் ஒரு பிரதி ஏற்றி வைப்பதும் அதற்காகத்தான். செத்துப்போன சுட்டியிலும் பயன் இருக்கிறது. பழைய முகவரியை அந்த ஆர்க்கைவில் கொடுத்தால் பக்கத்தின் பிரதி அகப்படலாம். ஆனால் அதற்கு முகவரி கையில் இருந்தாக வேண்டும்.

இணையமே இல்லாத காலத்தில், 1945-இல், வனெவர் புஷ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 'மெமெக்ஸ்' என்ற கற்பனை இயந்திரம் பற்றி அட்லாண்டிக் இதழில் எழுதினார். படித்தவற்றை ஒன்றோடு ஒன்று கோத்து ஒருவர் தன் வாசிப்புத் தடத்தை அதில் பதிந்து வைப்பார். அதோடு அவர் நிறுத்தவில்லை. அந்தத் தடத்தை நகலெடுத்து நண்பருக்குக் கொடுக்கலாம், நண்பர் அதைத் தன் இயந்திரத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார். இந்த எக்ஸ்போர்ட், இம்போர்ட்டைத்தான் அன்றைக்கே நினைத்திருக்கிறார் மனுஷர்.

சீனியர்கள் ஜூனியர்களுக்கு நோட்டும் கேள்வித்தாளும் கொடுத்துவிட்டுப் போவது எல்லாக் கல்லூரிகளிலும் உண்டு. நாலு வருஷம் தேடித்தேடிச் சேர்த்த பாடப் பெட்டியை, சொந்தச் சமாச்சாரங்களை எடுத்துவிட்டு ஒரு கோப்பாகக் கொடுத்தால், வாங்கிக்கொள்பவர் அந்த நாலு வருஷத் தேடலைத் தாண்டி அடுத்த இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம். கொடுத்தவருக்கும் ஒரு லாபம் உண்டு. அவர் கணினி என்றைக்காவது காலை வாரினால், கேட்டு வாங்கிக்கொள்ள ஒரு பிரதி ஜூனியரிடம் இருக்கும்.