இடுப்பில் பிறக்கும் வீச்சு

டாக்குரியா ஏரிக்கரையில் குளிர்கால விடியற்காலையில் உலவச் செல்லும் நம்மவர் சிலர், சென்ற ஆண்டு அங்கே ஒரு காட்சியைக் கண்டிருக்கக்கூடும். நடுத்தர வயதுடைய ஒருவர் புல்தரையில் நின்றுகொண்டு, ஒன்பதடி நீளமுள்ள கோலொன்றை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஏதோ ஆகிவிட்டதென்ற பேச்சு லேக் மார்க்கெட் வரை எட்டியதாகக் கேள்வி. அம்மனிதர் வேறு யாருமல்லர், நாமேதான்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் நமது வலத்தோள் இறுகிப் போயிருந்தது. கோப்புகளை அலமாரியின் மேல்தட்டில் வைக்க இயலவில்லை. பேருந்தில் மேற்கம்பியைப் பற்ற இயலவில்லை. தலை வாரிக்கொள்ளவும் இடக்கையே துணை. மருத்துவரோ, கையை அசைக்காமல் விடாதீர், ஆனால் வலிந்து இழுக்கவும் செய்யாதீர் என்றார். இவ்விரண்டிற்கும் நடுவே உள்ள கோடு எது என்று அவர் சொல்லவில்லை. சுவரில் விரல்களை ஏற்றி இறக்கும் பயிற்சி நாலாம் நாளே சலித்துவிட்டது.

அந்நிலையில்தான் பக்கத்து வீட்டு மேஷோமொஷாய் தம் தூண்டிற்கோலை நம்மிடம் கொடுத்தார். அயல்நாட்டிலுள்ள அவருடைய மகன் விட்டுச் சென்றது அது. முழங்கால் நோவினால் அவரால் நீரில் இறங்கி நிற்க முடியாது. "புல்லில் பழகு; மாசி மாதத்தில் பக்காலிக் கடலுக்குப் போவோம்" என்றார்.

நாம் அறிந்த தூண்டிலுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. சாதாரணத் தூண்டிலில் இரையும் ஈயமும் கனமாயிருக்கும். எறிந்தால் அந்தக் கனமே நூலை இழுத்துக்கொண்டு போகும். இதிலோ முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சியைப் போலவோ சிறு மீனைப் போலவோ செய்த ஒரு பொய் இரை மட்டுமே உண்டு. ஃப்ளை என்று பெயர் பெற்ற அதற்கு எடையே இல்லை. ஆகவே எறியப்படுவது இரையன்று, கனத்த நூல். நூலைப் பின்னே வீசி, அது நேராக நீளும் வரை பொறுத்து, பிறகு முன்னே வீச வேண்டும். அதன் கனத்தால் கோல் வில்லாக வளையும். கை சட்டென்று நின்றதும் கோல் நிமிர, நூல் வளையமாகச் சுருண்டு முன்னே ஓடும். பொறுமையின்றி முந்திக்கொண்டால் சாட்டை சொடுக்கும் ஓசை கேட்கும். நமக்குப் பல நாள் அந்த ஓசைதான் கிட்டியது. முள்ளுக்குப் பதில் கம்பளி நூற்றுண்டு கட்டியிருந்தமையால் காதுகள் பிழைத்தன.

நூல் போகவில்லையென்றால் மனிதன் என்ன செய்வான்? இன்னும் பலமாக வீசுவான். நாமும் அதையே செய்தோம். பலம் கூடக்கூடக் கோலின் நுனி தாழ்ந்தது, வளையம் அகன்றது, எதிர்காற்று அதைப் பிடித்து நம் காலடியிலேயே போட்டது. வீட்டிற்குத் திரும்பித் தோளில் வெந்நீர் ஒற்றடம் கொடுப்பது வழக்கமாயிற்று. இதை விட்டுவிடுங்கள் என்று இல்லாள் சொன்னதிலும் நியாயமிருந்தது.

மேஷோமொஷாய் ஒரு நூலையும் கொடுத்திருந்தார். லெஃப்டி கிரே என்னும் அமெரிக்கர் உப்பு நீரில் ஃப்ளை வீசுவதைப் பற்றி எழுதி 1974இல் வெளிவந்தது அது. 1925இல் பிறந்து 2018இல் மறைந்த அவர், தொண்ணூறு வயதை எட்டிய பிறகும் வீசக் கற்றுக்கொடுத்தவர். பழைய ஆங்கிலேய முறையில் முழங்கையை விலாவோடு ஒட்டி, கடிகார முள் பத்திலிருந்து ஒன்று வரை நகர்வதைப் போலக் கோலை ஆட்டச் சொல்வார்கள். விலாவில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டு பழகுவதும் உண்டாம். கிரே அந்தக் கடிகாரக் கணக்கை ஒதுக்கினார். முழங்கை ஒரு பலகையின்மீது ஊர்வதைப் போலத் தாழ்ந்தே செல்லட்டும், உடல் திரும்பட்டும், கோல் நெடுந்தூரம் பயணம் செய்தால் தோளுக்கு வேலை குறையும் என்பது அவர் கொள்கை. ஃப்ளோரிடாவிலும் பஹாமாசிலும் முழங்காலளவு கடலில் நின்று மீனைக் கண்ணால் கண்டு வீசுகிறவர்களுக்குக் காற்று ஓய்வதே இல்லை. நாள் முழுவதும் தோளை நம்பினால் தோள் தாங்காது.

படித்தோம், புரிந்தது, கை கேட்கவில்லை.

நம் தந்தையார் அப்போது தினமும் நம்மோடு வந்து பெஞ்சில் அமர்ந்திருப்பார். பக்கவாதம் வந்து நான்காண்டுகள் ஆகின்றன; வலக்கை முழுதும் மீளவில்லை. 1969இல் தொண்டியிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து, எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஊரில் கடை வைத்திருந்த குடும்பம் என்றுதான் அலுவலகத்தில் அனைவரிடமும் சொல்லியிருந்தார். உண்மையில் நம் பாட்டனார் கடலோடி. எட்டு வயதில் விடுமுறைக்குச் சென்றபோது, தாழ்வாரத்தில் தொங்கிய வீச்சுவலையை நாம் தொட்டுப் பார்த்ததுண்டு. அதைப் பற்றிக் கல்கத்தாவில் பேசக்கூடாது என்பது சொல்லாமலே நமக்குத் தெரிந்திருந்தது.

ஒரு நாள் காலை, நாம் ஏழெட்டு முறை சொடுக்கிவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அவர் ஊன்றுகோலைப் பெஞ்சில் சாய்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"தோளை விடுப்பா" என்றார். "வலை எறியிறப்ப கை எறியாது. இடுப்பு எறியும். கை சும்மா விடும், அவ்வளவுதான்."

தம் துண்டை எடுத்து ஏரி நீரில் நனைத்துவரச் சொன்னார். ஈரத்துண்டை மடித்து இடக்கையில் ஏந்தி, கால்களை அகற்றி நின்று, இடுப்பைப் பின்னே திருப்பி, மெல்ல முன்னே திரும்பினார். துண்டு விரிந்து, பந்தியில் போட்ட வாழையிலையைப் போலப் புல்லின்மீது படிந்தது. வலக்கை பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

பாக் நீரிணையின் ஆழமற்ற கரை நீரில், பன்னிரண்டு வயதில் பாட்டனாரோடு இறங்கி வலை வீசியதைப் பற்றி அன்றுதான் முதன்முதலாகப் பேசினார். வலையின் கயிறு இடக்கை மணிக்கட்டில், மடிப்பு கொஞ்சம் முழங்கையில், விளிம்பில் ஈயக்குண்டுகள். ஈரவலையின் கனத்தைச் சிறுவனின் தோள் தாங்காது. ஆகையால் கனத்தை உடம்போடு சேர்த்துச் சுழற்றி, அது தானே ஓட விரும்பும் கணத்தில் கையை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தினால்தான் வலை வட்டமாக விரியும். கையும் கூடவே போனால் சுருண்டு விழும். கிரே படம் போட்டு விளக்கியதும் இதுதானே!

நாம் இடுப்பைத் திருப்பி வீசினோம். முதல் பத்து வீச்சும் வீண். பதினொன்றாவதில் நூல் ஓசையின்றிப் பின்னே நீண்டது, முன்னே நீண்டது, கம்பளித் துண்டு தொலைவில் போய் அமர்ந்தது. தோளில் எதுவுமே தெரியவில்லை. வீசினோமா என்ற ஐயமே எழுந்தது.

பக்காலிப் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாலிகஞ்சில் ரயிலேறி நாம்கானாவில் இறங்கி, பிறகு சாலை வழியே சென்றோம். நீர் வற்றும்போது அங்கே மணல் வெகுதூரம் தட்டையாக விரியும். ஆனால் ஹூக்ளி கொண்டுவரும் வண்டலால் நீர் கலங்கல்; பஹாமாசைப் போல மீனைக் கண்டு வீச வழியில்லை. மீன் ஒன்றும் படவில்லை. எதிர்காற்றில் இரண்டு மணி நேரம் வீசியும் அன்றிரவு ஒற்றடம் தேவைப்படவில்லை என்பதே நாம் கொண்டுவந்த வேட்டை.

அதற்கடுத்த ஞாயிறு, ஏரிக்கரையில் உலவும் வங்காளப் பெரியவர் ஒருவர் நின்று, நாம் வீசுவதைப் பார்த்துவிட்டு, இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்டார். நாம் நூலின் பெயரைச் சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் பெஞ்சிலிருந்து தந்தையார் குரல் கொடுத்தார்.

"நான் சொல்லிக்கொடுத்தேன். ஆம்ரா ஜெலே."

நாங்கள் மீனவர்கள் என்று பொருள். ஐம்பத்தைந்தாண்டுகளில் இந்நகரில் அவர் அச்சொல்லைச் சொல்லி நாம் கேட்டதில்லை. நூல் நம் கையில் அப்படியே நின்றது.

பெரியவர் முகம் மலர்ந்தது. "அப்படியா! அப்படியானால் சொல்லுங்கள், கரியாஹாட்டில் பேட்கி வாங்கும்போது பழையதைத் தலையில் கட்டிவிடுகிறார்களே, எப்படித்தான் கண்டுபிடிப்பது?"

பேட்கி என்பது நம் கொடுவாதான். தந்தையார் அவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, செவுளின் நிறத்திலிருந்து தொடங்கினார். அரைமணி கழித்து இருவரும் கரியாஹாட் சந்தைக்கே புறப்பட்டுவிட்டார்கள். கோலையும் ஈரத்துண்டையும் சுமந்துகொண்டு நாம் தனியே வீடு திரும்பினோம்.