வன்னி மரத்து ஊர்

தஞ்சாவூர்க்காரர்களுக்குத் தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் கர்வம் உண்டு. வருஷத்தில் பாதி நாள் ஆற்றில் மணல்தான் தெரிகிறது என்றாலும் அந்தக் கர்வம் மட்டும் வற்றுவதில்லை. என் தாயார் அந்த ரகம். "ஆறில்லாத ஊரில் மனுஷன் இருப்பானா?" என்பாள்.

அவளுடைய ஒரே தங்கை, என் சித்தி, நாற்பது வருஷமாக ராஜஸ்தானத்து ஜோத்பூரில் இருக்கிறாள். சித்தப்பாவுக்கு அங்கே ரயில்வேயில் உத்தியோகம். ஓய்வு பெற்று, அங்கேயே சிறு வீடு கட்டிக்கொண்டு, போன வருஷம் அவர் காலமானார். குழந்தைகள் இல்லை. தங்கையைக் கையோடு அழைத்து வந்துவிடுவது என்று அம்மா தீர்மானம் செய்துவிட்டாள். மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரின் பகத் கி கோட்டி ஸ்டேஷனுக்கு வாரம் ஒருமுறை நேராக ஒரு ரயில் போகிறது. அம்மா, நான், என் மனைவி, பெண், நால்வரும் ஏறினோம்.

பாலைவனம் என்றால் மணல்மேடும் ஒட்டகமும் என்று எண்ணியிருந்த என் பெண்ணுக்கு முதலில் ஏமாற்றம்தான். ஜோத்பூர், தார்ப் பாலைவனத்தின் வாசற்படி. எங்கும் பாறை, பழைய ஊரில் நீலம் பூசிய வீடுகள், தலைக்கு மேலே 1459-ல் ராவ் ஜோதா கட்டத் தொடங்கிய மெஹ்ரான்கர் கோட்டை. கோட்டைக்காகக் குன்றிலிருந்த ஒரு சாமியாரைக் கிளப்பினார்களாம். "தண்ணீருக்குத் தவிப்பீர்கள்" என்று சபித்துவிட்டு அவர் போனாராம். சாபம் கதையாக இருக்கலாம், கணக்கு கதையல்ல. அங்கே சராசரியாக வருஷத்துக்கு 40 சென்டிமீட்டர் மழைகூட இல்லை. சென்னையில் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் பெய்கிறது.

ஆகவே அந்த ஊர்க்காரர்கள் படிக்கிணறு வெட்டினார்கள். மழை நீரைச் சேர்க்க வீட்டுக்கடியில் 'டாங்கா' என்று தொட்டி கட்டினார்கள். இன்று இமயத்து நதிகளின் நீரே கால்வாய் வழியாக வந்து குழாயில் கொட்டுகிறது. ஆனாலும் சித்தியின் கை பழைய கைதான். அரிசி களைந்த நீர் துளசிக்கு; துணி அலசிய நீர் முற்றம் கழுவ. என் பெண் குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்த்தாள். சித்தி ஒன்றும் சொல்லாமல் வந்து மூடிவிட்டுப் போனாள்.

"காவிரியில் குதித்து நீந்தின பெண்ணா நீ?" என்றாள் அம்மா.

மத்தியானம் சாங்க்ரி என்று ஒரு கறி பரிமாறினாள். கொத்தவரங்காய் வற்றல் போல மெல்லிய காய். புளிப்பும் காரமுமாக இருந்தது. என்ன காய் என்று கேட்டோம். "நம் வன்னி மரத்துக் காய்தான்" என்றாள்.

அம்மா திடுக்கிட்டாள். வன்னியா! விருத்தாசலத்தில் தலவிருட்சமாக நின்று பிரதட்சிணம் வாங்கிக்கொள்ளும் மரமல்லவா?

இங்கே அதற்கு கேஜ்ரி என்று பெயர். கோடையிலும் பசுமை மாறாது. இலை ஆட்டுக்கு, காய் மனிதனுக்கு. அந்த மரத்துக்காக 1730-ல், பக்கத்துக் கேஜட்லி கிராமத்தில், 363 பிஷ்னோய் மக்கள் உயிரைக் கொடுத்தார்கள். ராஜாவின் ஆட்கள் சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு வெட்ட வந்தபோது, அமிர்தா தேவி என்ற பெண்மணி முதலில் மரத்தைக் கட்டிக்கொண்டு வெட்டுப்பட்டாள். மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். நாம் கும்பிடும் மரம்தான். அவர்கள் அதனால் பிழைத்தவர்கள்.

அன்றிரவு அம்மா விஷயத்தை எடுத்தாள். "வீடு இருக்கு, ஆறு இருக்கு, நான் இருக்கேன். இந்த மணல்லே உனக்கு யாருடி இருக்கா?"

சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அவர் போன அன்னிக்கு நீங்க வந்து சேர மூணு நாள் ஆச்சு, அக்கா. குறை சொல்லலே, தூரம் அப்படி. அந்த மூணு நாளும் எதிர்வீட்டுக்காரிதான் எனக்கு வாயிலே ரொட்டி பிட்டுப் போட்டா. அவ மருமகள் இப்போ எட்டு மாசம். நான் இருக்கேன்னு தைரியம் சொல்லியிருக்கேன். எப்படி வருவேன்?"

அம்மா பதில் சொல்லவில்லை. வெகுநேரம் இருவரும் விளக்கை அணைத்துவிட்டு, செத்துப்போன மாடு, விற்றுப்போன நிலம், கல்யாணமான பெண்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

புறப்படும்போது சித்தி ஒரு பொட்டலம் சாங்க்ரி கொடுத்தாள். அம்மா அதை முந்தானையில் முடிவது போலப் பத்திரமாகப் பெட்டியில் வைத்தாள்.

"எத்தனை நாழி ஊறணும்?"

"ராத்திரி பூரா. ஊறின தண்ணியைக் கொட்டிடாதே அக்கா, செடிக்கு ஊத்து."

"சரி" என்றாள் அம்மா.