மனைவிக்குப் பணம் காட்ட வேண்டாம்

தாய்லாந்துப் பெண்ணை மணந்த அயல்நாட்டு ஆண் அந்த நாட்டில் தங்க அனுமதி கேட்டால், வங்கியில் 4,00,000 பாத் வைத்திருக்க வேண்டும். அல்லது மாதம் 40,000 பாத் வருமானம் காட்ட வேண்டும். தாய்லாந்து ஆணை மணந்த அயல்நாட்டுப் பெண் இதில் எதையும் காட்ட வேண்டியதில்லை. குடிவரவுத் துறையின் விதி இது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இதைக் கேட்டதும் என் மகள், "பரவாயில்லையேம்மா, பொம்பளைங்களுக்குச் சலுகை கொடுத்திருக்காங்க" என்றாள். எனக்கு அது சலுகையாகப் படவில்லை. ஆண் வந்தால் குடும்பத்தைக் காப்பாற்றுவானா என்று பார்க்கிறார்கள். பெண் வந்தால் அவளைக் காப்பாற்ற ஒருவன் இருக்கிறான், அது போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அவளிடம் பணம் இருக்கலாம் என்று அந்த விதியை எழுதியவர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

நான் மதுரைப் பக்கம் அரசுப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் புவியியல் கற்பித்து, 60 வயதில் ஓய்வு பெற்றவள். நாற்பத்தொரு வயதில் கணவரை இழந்தேன். பாங்காக்கில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கச் சுற்றுலா விசாவில் போனேன். 60 நாள், நீட்டித்தால் இன்னும் 30 நாள். அந்தத் தொண்ணூறு நாளில், மகள் குடியிருந்த வீட்டுக்காரரின் அண்ணன் பழக்கமானார். அவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர், மனைவியை இழந்தவர். வடக்கே ஒரு சிறு நகரத்தில் சொந்த வீடு, பின்னால் நாலு லாங்கன் மரம். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம். தாய்லாந்து மொழியில் அவர் என்னை 'குன்' என்று அழைப்பார். நம் 'நீங்கள்' போன்ற சொல் அது. ஒரு கணவர் என்னை அப்படி அழைத்து அதுவரை நான் கேட்டதில்லை. ஊரில் சொந்தக்காரர்கள், "இந்த வயசுல எதுக்கு இது?" என்றார்கள். பதில் சொல்லும் வயதையும் தாண்டிவிட்டதால் நான் பதில் சொல்லவில்லை.

திருமணத்தை வட்ட அலுவலகத்தில் பதிவு செய்தோம். மணம் செய்துகொள்ளத் தடையில்லாதவள் என்று தூதரகத்தில் ஒரு சான்று, அதற்குத் தாய்லாந்து மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம், முதல் கணவரின் இறப்புச் சான்றிதழ் என்று ஒரு கட்டுக் காகிதம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தது என் மகளைவிடச் சின்னப் பெண். இறப்புச் சான்றிதழில் தேதியைத் தேடினாள், கண்டதும் லேசாகச் சிரித்துக் குனிந்துகொண்டாள். என்னவென்று கேட்டேன். 310 நாள் ஆகியிருக்க வேண்டும் என்றாள்.

தாய்லாந்தின் சிவில், வணிகச் சட்டத் தொகுப்பில் 1453ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கணவன் இறந்தாலோ மணமுறிவு ஆனாலோ, ஒரு பெண் வேறொருவரை மணக்க 310 நாள் காத்திருக்க வேண்டும். இடையில் குழந்தை பிறந்திருந்தால், கர்ப்பமில்லை என்று மருத்துவர் சான்று கொடுத்தால், நீதிமன்றம் அனுமதித்தால், அல்லது பழைய கணவரையே மறுபடி மணந்தால் காத்திருக்க வேண்டாம். பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தகப்பன் யார் என்ற குழப்பம் வரக் கூடாதாம். எனக்கு வயது 61, முதல் கணவர் போய் இருபது ஆண்டு. ஆனாலும் நாள் கணக்குப் பார்க்காமல் காகிதம் நகராது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் மனைவியை இழந்தவர்தான். அவரிடம் யாரும் நாள் கணக்குக் கேட்கவில்லை.

பதிவு முடிந்து குடிவரவு அலுவலகத்துக்குப் போனபோதுதான் அந்தச் 'சலுகை' என் முன்னால் வந்தது. எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தாய்லாந்துக்காரரின் மனைவி என்ற முறையில் ஆண்டுதோறும் தங்கும் அனுமதியை நீட்டிப்பது. பணம் காட்ட வேண்டாம். கணவர் கூட வந்து கையெழுத்துப் போட்டால் போதும். மற்றது, 50 வயதைக் கடந்த ஓய்வு பெற்றவர் என்ற முறையில் நீட்டிப்பது. அதற்கு மாதம் 65,000 பாத் வருமானம் வேண்டும். அல்லது என் பெயரில் அங்குள்ள வங்கியில் 8,00,000 பாத். விண்ணப்பிக்கும் முன் இரண்டு மாதமும், அனுமதி கிடைத்த பின் மூன்று மாதமும் அந்தத் தொகையில் கை வைக்கக் கூடாது. மற்ற மாதங்களிலும் 4,00,000 பாத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. 8,00,000 பாத் என்பது நம் பணத்தில் ஏறக்குறைய 20 லட்சம். என் பணிக்கொடையில் பெரும்பகுதி.

அதிகாரி முதல் வழியைத்தான் சொன்னார். சுலபம், செலவில்லை. அவர் அதைச் சொன்னது என் கணவரைப் பார்த்து. நான் இரண்டாம் வழியைக் கேட்டேன். கணவர் இருக்கும்போது எதற்குப் பணத்தை முடக்குகிறீர்கள் என்று அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

எனக்கு அது புரிந்ததற்குக் காரணம் மதுரை. முதல் கணவர் இறந்தபோது வீட்டுப் பட்டா அவர் பெயரில், மின் இணைப்பு அவர் பெயரில், கேஸ் இணைப்பு அவர் பெயரில், சேமிப்புக் கணக்கு அவர் பெயரில். பன்னிரண்டு ஆண்டாகச் சம்பளம் வாங்கியவள் நான். அந்த வீட்டுக் கடனில் பாதி என் சம்பளத்தில் போனது. ஆனால் அதற்குப் பிறகு எட்டு மாதம், வாரிசுச் சான்றிதழில் தொடங்கி ஒவ்வொரு மேசையிலும், "அவருக்கு நீங்க என்ன வேணும்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். துக்கம் கொண்டாட நேரம் இல்லாமல் நகலெடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆணின் பெயரில் தொங்கும் காகிதங்கள் அவர் போன அன்றைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இங்கே அது இன்னும் கடுமை. மனைவி என்ற காரணத்தால் கிடைத்த அனுமதி, அந்தக் காரணம் போனால் தானும் போய்விடும். வீட்டை மட்டுமல்ல, நாட்டையே காலி செய்ய வேண்டி வரும்.

இதைக் கணவரிடம் சொன்னபோது அவர் முகம் வாடியது. "நான் உங்களை விட்டுவிடுவேன் என்று நினைக்கிறீர்களா?" என்றார்.

"நீங்கள் விட மாட்டீர்கள். ஆனால் உங்களுக்கு 66 வயது."

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தம் முதல் மனைவி இறந்ததும் வங்கிக் கணக்கை முடிக்க அலைந்ததைச் சொன்னார். மறுநாள் என்னோடு வங்கிக்கு வந்தார். கணக்குப் புத்தகத்தில் என் பெயரை மட்டும் எழுதச் சொன்னவரும் அவர்தான்.

எங்கள் எதிர்வீட்டில் இதே கதையின் மறுபக்கம் நடக்கிறது. அந்த வீட்டுப் பெண் தாய்லாந்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். என்னைப் 'ப்பீ' என்பார், நம் 'அக்கா'தான். அவர் கணவர் ஜெர்மனியில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்களுக்கான வழியில் கேட்கும் பணம் இரண்டு மடங்கு என்பதால், மனைவி வழியில்தான் ஆண்டுதோறும் நீட்டிக்கிறார்கள். பணம் கணவருடையது. மற்ற எல்லாம் மனைவியின் உழைப்பு. படிவம் நிரப்புவது அவர். மொழிபெயர்ப்பது அவர். வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம் வரைவது, வீட்டு எண் தெரிய வாசலில் இருவரும் நிற்கும் படம், உள்ளே உட்கார்ந்திருக்கும் படம் எடுப்பது, சாட்சிக்கு அக்கம்பக்கத்தில் ஒருவரைப் பிடிப்பது எல்லாம் அவர். வீட்டுக்கு அயல்நாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் டி.எம். 30 என்ற படிவத்தில் வீட்டுக்குப் பொறுப்பானவர் தெரிவிக்க வேண்டும். வீடு இந்தப் பெண் பெயரில். ஆகவே தவறினால் அபராதம் இவருக்கு. கணவர் 90 நாளுக்கு ஒருமுறை முகவரி தெரிவிக்க வேண்டிய தேதியும் இவர் வீட்டு நாள்காட்டியில்தான் வட்டமிட்டிருக்கிறது.

ஒருமுறை சோதிக்க வந்தவர்கள் படுக்கையறையையும் எட்டிப் பார்த்தார்களாம். "பதினான்கு வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறோம் ப்பீ, இன்னும் எங்கள் தலையணையை எண்ணுகிறார்கள்" என்று சிரித்தார். அயல்நாட்டவரை மணக்கும் தாய்லாந்துப் பெண் பணத்துக்காகத்தான் மணக்கிறாள் என்பது அங்கே ஊறிப்போன எண்ணம். அந்த எண்ணம் சட்டத்துக்குள்ளும் இருந்தது. 1999 வரை அப்படி மணந்த பெண் தன் சொந்த நாட்டில் நிலம் வாங்க முடியாது. இப்போது வாங்கலாம், ஆனால் அந்தப் பணம் முழுக்க மனைவியுடையது, கணவருக்கு அதில் உரிமையில்லை என்று இருவரும் எழுதிக் கொடுக்க வேண்டும். தன் பிள்ளைக்குத் தன் குடியுரிமையைத் தகப்பனுக்குச் சமமாகக் கொடுக்கும் உரிமை தாய்லாந்துத் தாய்க்கு 1992இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் வந்தது. ஆனால் தாய்லாந்து ஆணை மணக்கும் அயல்நாட்டுப் பெண், கணவரைக் காட்டிக் குடியுரிமை கேட்க 1965ஆம் ஆண்டின் சட்டமே வழி வைத்திருந்தது. அயல்நாட்டுக் கணவர்களுக்கு அந்த வழி கிடையாது. 2008இல்தான் அவர்களுக்குச் சில நிபந்தனைகள் தளர்ந்தன. கட்டிக்கொண்டவன் வீட்டைச் சேர்ந்தவள் பெண் என்பது நமக்குப் பழகிய நினைப்புதானே. வந்த மருமகளை உள்ளே சேர்ப்பதும், வெளியே கட்டிக்கொண்ட மகளைச் சந்தேகிப்பதும் அந்த ஒரே நினைப்பிலிருந்து வருகின்றன.

என் வழி எல்லோருக்கும் திறந்த வழி இல்லை. முதல் நீட்டிப்புக்காக நான் காத்திருந்த அன்று, பக்கத்து மேசையில் லாவோஸைச் சேர்ந்த ஒரு பெண் நின்றிருந்தார். முப்பது வயது இருக்கும். கையில் கணவரின் அடையாள அட்டை நகல் மட்டும். கணவர் நேரில் வர வேண்டும் என்றார் அதிகாரி. இரண்டு மாதமாக வீட்டுக்கு வரவில்லை என்றார் அவர். அதிகாரி கடுமையாகப் பேசவில்லை. கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கூட்டிவர முடியாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அந்த மேசையில் படிவம் இல்லை. அனுமதி முடிந்தபின் தங்கினால் நாளுக்கு 500 பாத், அதிகபட்சம் 20,000 பாத் வரை அபராதம். அவரிடம் 8,00,000 பாத் இருந்தாலும் என் வழியில் வர முடியாது; இன்னும் இருபது ஆண்டு வயதாக வேண்டும். அடிக்கிற கணவனையோ ஓடிப்போன கணவனையோ தேடிப் பிடித்து, கையெழுத்துக்காக அழைத்துவர வேண்டிய நிலை அது. மனைவியிடம் பணம் கேட்காத விதி அவர்மீது வைத்திருக்கும் விலை இதுதான்.

எனக்கு ஓராண்டு முத்திரை கிடைத்தது. கட்டணம் 1,900 பாத். மறுநுழைவு அனுமதிக்குத் தனியாகக் கட்ட வேண்டும். அது இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போனால் அந்த ஓராண்டும் ரத்தாகிவிடும். ஒருமுறை போய்வர 1,000 பாத், எத்தனை முறையானாலும் 3,800 பாத். நான் 3,800 கட்டினேன். மதுரையில் அக்காவுக்கு உடம்பு முடியவில்லை. யாரிடமும் கேட்காமல் கிளம்ப முடிய வேண்டும். இன்னமும் என் வாழ்க்கை முழுக்க என் பெயரில் இல்லை என்பதும் தெரியும். நான் குடியிருப்பது கணவர் வீடு, டி.எம். 30இல் பொறுப்பானவர் அவர். ஆனால் நாளைக்கு அவர் இல்லாமல் போனால், அழுதுகொண்டிருக்கும் நேரத்தில் யாரும் என்னை நாட்டை விட்டுப் போகச் சொல்ல முடியாது. அந்த 20 லட்சத்துக்கு நான் வாங்கியது அதைத்தான்.

2025 ஜனவரி 23 முதல் தாய்லாந்தில் தற்பாலினத் திருமணமும் சட்டப்படியானது. திருமணச் சட்டத்தில் கணவன், மனைவி என்று இருந்த இடத்தில் இப்போது இணையர் என்று இருக்கிறது. பதிவு செய்துகொள்ள வந்த பெண் இணைகளைத் தொலைக்காட்சியில் காட்டியபோது எதிர்வீட்டுப் பெண்தான் கேட்டார்: "இவர்களில் யார் ப்பீ 4,00,000 பாத் கட்ட வேண்டியவர்?" நல்ல கேள்வி. காப்பாற்றுகிறவன் ஆண், காப்பாற்றப்படுகிறவள் பெண் என்ற கணக்கில் எழுதிய விதிக்கு இரண்டு பெண்கள் முன்னால் வந்து நின்றால் பதில் தெரியாது. நானும் அதற்கு ஒருநாளும் சரியான பதிலாக இருந்ததில்லை.

வெளிநாட்டில் திருமணமாகிப் போகும் என் பழைய மாணவிகள் எப்போதாவது போனில் கூப்பிடுவார்கள். அமெரிக்கா, வளைகுடா, சிங்கப்பூர் என்று எந்த நாடாக இருந்தாலும் மூன்று விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். அங்கே தங்கும் உன் அனுமதி யார் பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? அவர் இறந்தால் எத்தனை நாளில் நீ கிளம்ப வேண்டும்? அவரை விட்டு நீ விலக நினைத்தால் எந்த மேசைக்குப் போக வேண்டும்? இதையெல்லாம் கேட்டால் சம்பந்தம் கெட்டுவிடும் என்று பயப்படுகிறார்கள். கேட்டதால் என் சம்பந்தம் கெடவில்லை.